பட்டறை முற்றத்தில் விழும் மழைநீர் எந்தக் கணக்கில் சேரும்?

கேள்வி: முருங்கப்பாக்கம் பட்டறை (ஆகஸ்ட் 11)

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், முருங்கப்பாக்கத்தை ஒட்டி, 17 ஆண்டுகளாக வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். கார்களும் சிறிய சரக்கு வண்டிகளும் வருகின்றன. இடம் 20 சென்ட். அதில் பாதிக்கும் சற்றுக் குறைவான பகுதியில் தகர ஷெட் உள்ளது. மீதி திறந்த முற்றம். வாட்டர் சர்வீஸ் செய்யும் மேடையும் அந்தத் திறந்த முற்றத்திலேயே இருக்கிறது. முற்றத்தின் ஓரமாகச் செல்லும் மழைநீர் வடிகால் சற்றுத் தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றில் போய்ச் சேர்கிறது.

சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று, எங்கள் முற்றத்திலிருந்து கருப்பு நிறத்தில் எண்ணெய் மினுமினுப்போடு தண்ணீர் வடிகாலில் இறங்கியதை நானே நின்று பார்த்தேன். அப்போது மழையை யார் தடுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். கடந்த மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து பார்வையிட்டவர்கள், வாகனம் கழுவும் நீரைப் பற்றி மட்டுமல்லாமல் மழைநீரைப் பற்றியும் விளக்கம் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாகனம் கழுவிய தண்ணீர் கழிவுநீர் என்பது எனக்குப் புரிகிறது. வானத்திலிருந்து விழும் மழைக்கும் நான் பொறுப்பாளி ஆவேனா? சட்டம் என்ன சொல்கிறது, அடைமழை தொடங்குவதற்குள் என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரர் செய்யக்கூடியது என்ன என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: நீர்ப்பணிப் பொறியாளர், ஓய்வு (ஆகஸ்ட் 12)

தாங்களே நின்று பார்த்ததை மறைக்காமல் எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. சட்டத்தை மற்றவர்கள் எழுதட்டும். நான் தண்ணீரின் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் செலவு எவ்வளவு என்பதை அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். தங்கள் 20 சென்ட் என்பது ஏறக்குறைய 800 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மழை கொட்டுவது நம் கரையோரத்தில் அரிதான செய்தி அல்ல; அப்படிக் கொட்டினால் தங்கள் இடத்தில் மட்டும் ஒரு மணி நேரத்தில் 40,000 லிட்டர் தண்ணீர் சேரும். எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியில் தண்ணீர் அரை மணி நேரமாவது அசையாமல் தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவையும் சுத்திகரிக்க 20,000 லிட்டர் தொட்டி கட்ட வேண்டியிருக்கும். எந்தச் சிறு பட்டறையாலும் அது ஆகாது. பலரும் இந்த இடத்தில்தான் மலைத்துப்போய், எதுவுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எண்ணெய் சிந்தும் இடம் 800 சதுர மீட்டர் அல்லவே! வாட்டர் சர்வீஸ் மேடை, ஆயில் மாற்றும் இடம், பழைய ஆயில் பீப்பாய்கள் நிற்கும் மூலை, கழற்றிப்போட்ட இன்ஜின் பாகங்கள் கிடக்கும் இடம் எல்லாம் சேர்த்தால் 100 சதுர மீட்டர் வருமா? அதன்மீது மட்டும் விழும் மழை அதே பெருமழையில் மணிக்கு 5,000 லிட்டர். அதற்குத் தேவைப்படும் தொட்டி 2,500 லிட்டர். அந்த 100 சதுர மீட்டருக்கும் கூரை போட்டுவிட்டால், சுத்திகரிக்க வேண்டிய மழைநீரே இல்லாமல் போகிறது. வாகனம் கழுவிய தண்ணீர் மட்டுமே மிஞ்சும். ஆகவே தாங்கள் முதலில் செலவழிக்க வேண்டியது தொட்டிக்கு அல்ல, தகரத்துக்கு.

கூரை போடும்போது, ஷெட்டின் விளிம்பிலிருந்து வழியும் தண்ணீர் முற்றத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் பாதியாக அறுத்த பெரிய பி.வி.சி. குழாயை விளிம்பில் பொருத்தி, தண்ணீரைத் தனிக் குழாயில் இறக்கிச் சேமிப்புத் தொட்டிக்கோ வடிகாலுக்கோ அனுப்பலாம். இது சுத்தமான நீர், எண்ணெய்த் தரையைத் தொடவிடக் கூடாது. மேடையைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு, வண்டி ஏறி இறங்கும்படி சரிவாக, சிமெண்டு வரம்பு கட்டுங்கள். வெளி முற்றத்து மழை உள்ளே வராது, கழுவிய நீர் வெளியே போகாது.

கழுவிய நீருக்கு மூன்று அறைத் தொட்டி போதும். முதல் அறையில் மண்ணும் சேறும் தங்கும். இரண்டாவது அறையில் எண்ணெய் மேலே மிதக்கும். அங்கிருந்து மூன்றாவது அறைக்குத் தண்ணீர் செல்லும் குழாயின் வாய், எல்போ போட்டுத் தலைகீழாக, நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெய் அப்போதுதான் அங்கேயே நிற்கும். நான் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்தக் குழாய் மேல்மட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய்தான் முதலில் வெளியேறிக்கொண்டிருந்தது. வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ டீசல் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். சோப்புத்தூளை அதிகம் போட்டாலும் எண்ணெய் தண்ணீரோடு பால்போலக் கலந்துவிடும். அதன்பின் எந்தத் தொட்டியிலும் அது தானாகப் பிரியாது.

இன்னொரு முக்கியமான செய்தி. இந்தத் தொட்டிக்குள் மழைநீர் பாயவே கூடாது. பெருமழையின் வேகம், மாதக்கணக்கில் மிதந்து சேர்ந்த எண்ணெயை ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடும். தொட்டி கட்டியவர்களே தொட்டியில்லாதவர்களைவிட அதிகம் மாசுபடுத்திய நாட்களை நான் கண்டிருக்கிறேன்.

பதில்: விதிமுறை வாசகர் (ஆகஸ்ட் 12)

மழைக்குப் பொறுப்பாளியா என்று கேட்டிருக்கிறீர்கள். மழைக்கு அல்ல, மழை தங்கள் இடத்திலிருந்து எடுத்துச் செல்வதற்குத் தாங்கள்தான் பொறுப்பாளி. 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, நச்சுப் பொருளையோ மாசுப் பொருளையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ நீரோடை, கிணறு, கழிவுநீர்க் கால்வாய், நிலம் ஆகியவற்றில் சேர விடுவதைத் தடை செய்கிறது. மறைமுகமாக என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தாங்கள் கையால் ஊற்றவில்லை என்பது விடையாகாது. அதே சட்டத்தில் நீரோடை என்பதன் பொருள்வரையறை, தற்போது வறண்டு கிடக்கும் நீர்வழியையும் நிலத்தடி நீரையும் உள்ளடக்கியது. கோடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால்தானே என்று சொல்லவும் இடமில்லை.

இந்தச் சட்டத்துக்கு 2024 இல் வந்த திருத்தம், முதற்கட்டமாக இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருப்பதால், புதுச்சேரியில் இருக்கும் தங்களை அது நேரடியாகத் தொடும். மாசுப் பொருளை நீரில் சேர விடுவதற்கு முன்பு இருந்த சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது மாற்றியிருக்கிறது. சிறை போய்விட்டது என்று நிம்மதி அடைபவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியதில்லாததால் அபராதம் விதிப்பது இப்போது எளிதாகியிருக்கிறது என்பதுதான் என் கருத்து.

அளவு என்று கேட்டால், 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 6 ஆம் அட்டவணையில், உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் நீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராம், நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம் என்று வரம்பு உள்ளது. ஒரு லிட்டர் பழைய இன்ஜின் ஆயில் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டுமானால் ஏறத்தாழ 88,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நீர்த்துக் காட்டுவது தீர்வல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கணக்கைத் தருகிறேன். பழைய ஆயில் 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. 90 நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே கொடுத்து, கொடுத்ததற்கான தாளை வைத்திருங்கள். தங்களிடம் விளக்கம் கேட்டவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மழைநீருக்கென்று தனி அனுமதி முறை நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் முதலில் ஆலைக் குழாய்களையும் கழிவுநீர் நிலையங்களையும்தான் பிடித்தது. தெருவிலிருந்தும் முற்றத்திலிருந்தும் வழிவதும் ஆறுகளைக் கெடுக்கிறது என்பதை உணர்ந்து, 1987 இல் சட்டத்தைத் திருத்தி, 1990 இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர்களின் வடிகால்களையும் தொழிற்கூடங்களையும் 5 ஏக்கருக்கு மேற்பட்ட கட்டுமானங்களையும் அனுமதிக்குள் கொண்டுவந்தார்கள். 1999 இல் சிறிய ஊர்களையும் ஓர் ஏக்கர் கட்டுமானத்தையும் சேர்த்தார்கள். அந்த முறையில் ஒரு விலக்கு உண்டு. தொழிற்கூடத்தின் பொருள், இயந்திரம், கழிவு எதுவும் மழையில் நனையாதபடி கூரைக்குள் இருப்பதாக உறுதி எழுதிக் கொடுத்தால், மழைநீர் அனுமதியே தேவையில்லை. மேலே பொறியாளர் ஐயா தகரத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த விலக்கும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. தங்கள் விளக்கக் கடிதத்திலும், எவையெல்லாம் கூரைக்குள் வந்துவிட்டன, எவை இன்னும் வரவில்லை, எந்தத் தேதிக்குள் வரும் என்பதையே ஒரு வரைபடத்தோடு எழுதிக் கொடுங்கள்.

பதில்: வீராம்பட்டினத்து மகள் (ஆகஸ்ட் 13)

அண்ணா, எனக்குச் சட்டமும் தெரியாது, கணக்கும் தெரியாது. அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எழுதுகிறேன். முதல் மழை முடிந்த மறுநாள் என் அப்பா ஆற்றில் வலை போட மாட்டார். போட்டால் நூல் கருப்பாகி, கையில் பிசுபிசுப்பு ஒட்டி, சோப்புப் போட்டாலும் போகாது. நண்டுக்காகச் சதுப்பு மரங்களுக்கிடையில் இறங்கும் பெண்களின் காலில் அந்தக் கருப்பு படிந்து அரிக்கும். இரண்டு மூன்று பெருமழைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் மரங்களின் மூச்சு வேர்களில் படிந்த எண்ணெய் அவ்வளவு விரைவில் போவதில்லை. அது தங்கள் ஒரு பட்டறையிலிருந்து மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியதை நான் பார்ப்பது இதுவே முதல்முறை. அதற்காக நன்றி அண்ணா.

கேள்வி கேட்டவர் (ஆகஸ்ட் 14)

தங்கை எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. ஆற்றின் அக்கரையில்தான் அவர்கள் ஊர். நான் ஒருநாளும் அந்த முகத்துவாரம் வரை போய்ப் பார்த்ததில்லை.

பொறியாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு கொத்தனார், வடிகாலில் விடுவதே வேண்டாம், முற்றத்திலேயே உறிஞ்சுகுழி தோண்டி ஜல்லி போட்டு எல்லாவற்றையும் அதில் இறக்கிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். செலவும் குறைவு. அது சரியா?

பதில்: நீர்ப்பணிப் பொறியாளர், ஓய்வு (ஆகஸ்ட் 14)

கூரை நீருக்குச் சரி. மற்ற எதற்கும் கூடாது. புதுச்சேரியின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. தங்கள் பகுதியில் மணலும் வண்டலும் கலந்த மண், நீர்மட்டமும் ஆழமில்லை. எண்ணெய் கலந்த நீரை உறிஞ்சுகுழியில் விட்டால், ஆற்றில் கண்ணுக்குத் தெரிந்த கேடு, பக்கத்து வீட்டுக் குழாய்க் கிணற்றில் கண்ணுக்குத் தெரியாத கேடாக மாறும். ஆற்றை அடுத்த மழை கொஞ்சமாவது கழுவும். நிலத்தடியில் இறங்கிய டீசலைக் கழுவ எந்த மழையும் இல்லை. விதிமுறை வாசகர் சொன்ன 24 ஆம் பிரிவில் கிணறும் நிலமும் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் கொத்தனாரிடம் சொல்லுங்கள்.

சிந்திய ஆயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவாமல், மரத்தூள் தூவி ஊறவைத்துக் கூட்டி அள்ளி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். அந்தத் தூளும் அபாயகரக் கழிவுதான்; குப்பையில் சேர்க்க வேண்டாம்.

பதில்: கடலூர் கட்டுநர் (ஆகஸ்ட் 16)

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன். வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பட்டறைகளைப் பற்றி மட்டுமே பேசினால் பாதி உண்மைதான் வெளிவரும் என்பதால் எங்கள் தொழிலின் பங்கையும் எழுதுகிறேன்.

எம் சாண்டையும் ஜல்லியையும் சாலையோரம் வடிகாலை ஒட்டிக் கொட்டி வைப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஒரே இரவு மழையில் அரை லாரி மணல் வடிகாலுக்குள் போய்விடும். மணல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் படிய இரண்டு நிமிடம் போதும், அதனால் அது அருகிலேயே படிந்து வடிகாலை அடைக்கிறது. அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணோ அதே ஆழம் இறங்க நாட்கணக்காகும் என்பதால் கெடிலம் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கலங்கிய பிறகு தொட்டி கட்டித் தெளியவைப்பதைவிட, மண்ணைக் கலங்கவிடாமல் வைப்பதே செய்யக்கூடியது. தார்ப்பாய் போட்டு மூடி ஓரங்களில் கல் வைப்பது, குவியலின் தாழ்வான பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்குவது, லாரி வெளியேறும் இடத்தில் பெரிய ஜல்லி பரப்பி டயரின் சேற்றை அங்கேயே உதிரவிடுவது, கான்கிரீட் கலவை இயந்திரத்தை வடிகால் ஓரத்தில் கழுவாமல் தனிக் குழியில் கழுவுவது ஆகிய நான்கையும் கடைப்பிடிக்க எனக்குக் கூடுதலாக ஆன செலவு மிகக் குறைவு. கட்டுமானக் கழிவு வடிகாலை அடைக்காமல் பார்த்துக்கொள்வது கட்டுபவரின் கடமை என்று 2016 ஆம் ஆண்டில் வந்த கட்டுமானக் கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தும், எங்களில் பலர் அதைப் படித்ததே இல்லை.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் செய்ய வேண்டியதும் உண்டு. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரி, அள்ளிய கருஞ்சேற்றைக் கரையிலேயே வாரக்கணக்கில் குவித்து வைப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். முதல் மழையில் அது முழுவதும் திரும்ப உள்ளே போய்விடுகிறது. வாரிய அன்றே வண்டியில் ஏற்றுவதுதான் தூர்வாருதல். மற்றது இடம் மாற்றுதல். அதைவிடப் பெரிய குறை, மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீர் இணைப்புகள். மழையே இல்லாத சித்திரை மாதத்தில் ஒரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. குடியிருப்போர் சங்கத்தார் யாரேனும் கோடையில் வடிகாலை ஒட்டி நடந்து, எந்தக் குழாயிலிருந்து ஈரம் வருகிறது என்று குறித்தாலே திருட்டு இணைப்புகளின் பட்டியல் கிடைத்துவிடும்.

பட்டறைக்கார நண்பருக்கு ஒரு வேண்டுகோள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. அத்தகைய நாளில் எந்த வரம்பும் எந்தத் தொட்டியும் நிற்காது. தங்கள் பழைய ஆயில் பீப்பாய்களையும் பேட்டரிகளையும் ஆற்றுவெள்ளம் எட்டாத உயரத்தில் மேடை கட்டி வைத்து, பீப்பாய்களைச் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள். ஆயில் தண்ணீரைவிட இலேசு. நிறைந்த பீப்பாயும் மிதந்து போகும்.

பதில்: விதிமுறை வாசகர் (ஆகஸ்ட் 17)

கடலூர் நண்பர் சொன்ன வடிகால் இணைப்புகள் உண்மைதான். ஆனால் ஊர் முழுவதும் திருந்தட்டும், பிறகு நான் திருந்துகிறேன் என்ற வாதத்துக்கு அது துணைபோகக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். மழைநீரால் வரும் மாசு ஆயிரம் சிறு இடங்களிலிருந்து வருவது. ஒரு பெரிய ஆலையின் குழாயை மூடுவதுபோல இதை எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒரே உத்தரவில் மூடிவிட முடியாது; அந்த ஆயிரத்தில் ஒவ்வொருவரும் தம் முற்றத்தைத் தாமே மூட வேண்டும்.

கேள்வி கேட்டவர் (அக்டோபர் 24)

இரண்டு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வாட்டர் சர்வீஸ் மேடைக்கும் ஆயில் மாற்றும் இடத்துக்கும் கூரை போட்டாயிற்று. பழைய தகரங்களையே பெரும்பாலும் பயன்படுத்தினோம். சிமெண்டு வரம்பு கட்டினோம். ஏற்கெனவே இருந்த தொட்டியைத் திறந்து பார்த்தபோது, ஐயா சொன்னபடியே குழாய் மேல்மட்டத்தில் இருந்தது. எல்போ போட்டு இறக்கிவிட்டோம். பீப்பாய் மேடை கட்டப் பணம் போதவில்லை. இப்போதைக்கு ஷெட்டுக்குள் இருந்த பழைய கான்கிரீட் திண்ணைமேல் ஏற்றிச் சங்கிலி போட்டிருக்கிறோம். விளக்கக் கடிதத்தை வரைபடத்தோடு கொடுத்துவிட்டேன்.

இந்த வாரம் பெய்த மழையில், முதல் பத்து நிமிடத்துக்குள் முற்றத்திலிருந்து வடிகாலில் இறங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை. அடியில் ஒரு விரல்கடை செம்மண் படிந்தது. மேலே தண்ணீர் மங்கலாகத்தான் இருந்தது, தெளிவாக இல்லை. வாசல் பக்கம் வண்டிகள் நிறுத்தும் இடம் இன்னும் வெறும் மண்தரை. அங்கே ஜல்லி பரப்ப எவ்வளவு கனம் வேண்டும் என்பதைக் கடலூர் நண்பர் சொன்னால் அடுத்த வாரமே செய்துவிடுகிறேன்.

பதில்: கடலூர் கட்டுநர் (அக்டோபர் 25)

சரக்கு வண்டிகள் நிற்கும் இடம் என்பதால் 40 மில்லிமீட்டர் ஜல்லியை அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். அதற்கு அடியில் மண் மேலேறாதபடி ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள், கடலூரிலும் புதுச்சேரியிலும் கிடைக்கிறது. துணி இல்லாமல் போட்டால் அடுத்த கார்த்திகைக்குள் ஜல்லி சேற்றில் புதைந்துவிடும். மழை விட்டிருக்கும் இரண்டு நாள் பார்த்துச் செய்யுங்கள்.